முப்பது கிலோப் பெட்டி

பழைய ஒலிப்பதிவுக் கருவிகளின் சந்தைக்கு அசல் ஃபேர்சைல்ட் 670 ஒன்று வந்தால், பேரம் பல பத்தாயிரம் டாலரில் நடக்கும். எடை ஏறக்குறைய 30 கிலோ; உள்ளே 20 வெற்றிடக் குழாய்கள். 1950களின் இறுதியில் இது பிறந்தது ஒரு சாதாரணத் தேவைக்காக. இசைத்தட்டு வெட்டும்போது ஒலி திடீரென எகிறினால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும், ஊசி துள்ளும். அந்த எகிறலை அமுக்கிவைக்கும் காவல்காரன் இது. பிறகு லண்டன் அபி ரோட்டில், இதன் ஒற்றைத்தட வடிவமான 660 வழியாக பீட்டில்ஸின் குரல்களும் டிரம்ஸும் போயின. காவல்காரனின் கைத்தடமே இசையாகிவிட்டது.

இதை வடிவமைத்த ரைன் நார்மா, போரில் நாட்டை இழந்த எஸ்தோனியர். நூரம்பர்க் விசாரணைகளில் ஒலிப்பணி செய்துவிட்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். கிதார் கலைஞர் லெஸ் பாலுக்குக் கருவிகள் செய்துகொடுத்தார். இந்த வடிவமைப்பின் உரிமத்தை ஷெர்மன் ஃபேர்சைல்ட் வாங்கினார். முகப்பில் இருப்பது வாங்கியவரின் பெயர். நான் பார்த்த விற்பனைக் குறிப்புகளில் பீட்டில்ஸ் தவறாமல் வருகிறார்கள், நார்மா அபூர்வம். அகதிகளாக வந்து அடுத்தவர் பெயர்ப்பலகையின் கீழ் உழைத்தவர்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

டிரான்சிஸ்டர் வந்ததும் இந்தச் சூடான, கனத்த பெட்டிகளை ஸ்டூடியோக்கள் கழித்துக்கட்டின. டிஜிட்டல் காலத்தில்தான் தேட ஆரம்பித்தார்கள். இன்று விவரமறிந்தவர் முதலில் விசாரிப்பது 6386 என்ற குழாயைப் பற்றி. பெட்டிக்கு எட்டு வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் அதைச் செய்வதை நிறுத்திப் பல காலமாகிறது.