மின்மினி ஆறு சொல்லும் தோட்ட வரலாறு

கோல சிலாங்கூர் என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது மின்மினிப் பூச்சிகள்தான். பொழுது சாய்ந்ததும் கம்போங் குவாந்தானில் சம்பான்கள் புறப்படும். மோட்டார் இல்லை, துடுப்பு மட்டுமே. கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னி, பெண் பூச்சிகளை அழைக்கின்றன. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வந்து பார்க்காத குடும்பம் குறைவு.

ஆனால், இந்த ஆறு எங்கிருந்து வருகிறது, யாருடைய வாழ்க்கையைத் தொட்டு வருகிறது என்பதைச் சம்பானில் யாரும் சொல்வதில்லை.

சிலாங்கூர் ஆறு புக்கிட் ஃபிரேசர் மலைப்பக்கம் பிறந்து, கோல குபு பாரு வழியாக இறங்கி, பத்தாங் காலி ஆற்று நீரையும் சேர்த்துக்கொண்டு கடலை நோக்கி ஓடுகிறது. ஒரு காலத்தில் வழியெங்கும் காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர் வந்தது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இந்த வட்டாரத்தில் தொடங்கினார். அதன் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ளது அந்தத் தோட்டம். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.

முதலாளிக்குப் பரிசு கிடைத்தது. தொழிலாளிக்கு லயத்து வீடு கிடைத்தது. காட்டை அழித்ததில் பல இனத்தவரின் கைகள் உண்டு. ஆனால் புல் வெட்டி, கான் தோண்டி, பால்மரம் வெட்டித் தோட்டங்களை நிலைக்கச் செய்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகக் கப்பலேறி வந்த தமிழர்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த வரவு தொடர்ந்தது.

இந்த வரலாற்றில் ஒரு வேதனையும் உண்டு. மின்மினியின் புழு மரத்தில் வாழ்வதில்லை. மரத்துக்குப் பின்னால் உள்ள ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆற்றங்கரைவரை செம்பனை நட்டால், மரம் நின்றாலும் புழுவுக்கு இடமில்லை. 2000களின் தொடக்கத்தில் கோல குபு பாரு அருகே அணை கட்டப்பட்டபோது, கீழே நன்னீரும் உப்பு நீரும் கலக்கும் அளவு மாறிவிடுமோ என்ற கவலை எழுந்தது. அணைக்காகத் தெமுவான் பூர்வகுடியினரின் கெராச்சி, பெரெத்தாக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2009இல்தான் மாநில அரசு மின்மினி வாழும் கரைப்பகுதியைப் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவித்தது.

மின்மினிக்குச் சட்டம் வந்துவிட்டது. தோட்டப் பாட்டாளிக்கு? லயங்கள் மறைகின்றன. கான் வெட்டிய கதையைச் சொல்லக்கூடிய தாத்தா, பாட்டிகள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள்.

மரத்தை மட்டும் காத்தால் மின்மினி பிழைக்காது. பின்னால் உள்ள மண்ணையும் காக்க வேண்டும். சமுதாயமும் அப்படித்தான். அடுத்த விடுமுறையில் கோல சிலாங்கூருக்குச் செல்லும் பெற்றோர், சம்பான் ஏறும்முன் வழியிலுள்ள தோட்டத்தில் சற்று வண்டியை நிறுத்தட்டும். அங்கே இருக்கும் பெரியவரிடம் பிள்ளைகள் நாலு கேள்வி கேட்கட்டும். பதிலை எழுதியும் வைக்கட்டும்.