நிழற்படமும் குறிப்பும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் படத் தொகுப்புகளும் மேசைக் கணினித் தரவுத்தளமும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசு ஆவணங்களையும் நாளேடுகளையும் கோயில் மலர்களையும் வாய்மொழிச் செய்திகளையுமே பெரிதும் நம்பியிருக்கின்றனர். இவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க மற்றொரு சான்று, வீட்டுப் பெட்டிகளிலும் சுவர்களிலும் இருக்கும் நிழற்படமாகும். வருடிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1990களின் இறுதி முதல் இப்படங்கள் கணினிக்குள் புகுந்தன. புகுந்த படங்களை எங்கே வைப்பது, எவ்வாறு தேடி எடுப்பது என்னும் வினாக்களும் உடன் எழுந்தன. இவை தொழில்நுட்ப வல்லுநருக்கு மட்டுமே உரியவை எனத் தமிழாய்வாளர் ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. படக்கோப்பைச் சேமிக்கும் முறையே, அப்படம் சான்றாக நிலைப்பதா, பெயரற்ற காட்சியாகக் குறுகுவதா என்பதை முடிவு செய்கின்றது. இக்கருத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

படங்கள் வேண்டப்படும் களம்

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுத் துறையையும் நோக்கி அமைந்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பெற்றது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் தொடங்கியது. இருப்புப்பாதை, துறைமுகம், ரப்பர்த் தோட்டம் ஆகிய மூன்றும் தமிழர் உழைப்பால் வளர்ந்தவை. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இருப்புப்பாதைப் பணியாளர் குடியிருப்பாக வளர்ந்தது. அங்குள்ள விவேகானந்தா ஆசிரமம் 1904இல் எழுந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களோ, 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் தனியிடம் பெற்றன.

இக்களம் இன்று பெரிதும் உருமாறிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் இருப்புப்பாதைப் பணிமனை நிலம் இருந்த இடத்தில் 2001 முதல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் இயங்குகின்றது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் இந்திய, மலேசியப் பிரதமர்கள் முன்னிலையில் அவ்வட்டாரம் 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்துவைக்கப்பெற்றது. பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயன் வீடுகளும் ஆயக்கொட்டகையும் பெரட்டுக் களமும் நிலத்திலிருந்து மறைந்தபின், அவை இருந்தமைக்குக் கண்கூடான சான்று தருவன குடும்பப் படங்களே.

அச்சான்றும் அழியும் தன்மையுடையது. இந்நாட்டின் ஈரக்காற்றில் தாள்களில் பூஞ்சை படர்கின்றது. வண்ணப்படங்கள் நிறம் வெளிறுகின்றன. 1971 சனவரியில் கோலாலம்பூரையும், 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. வீட்டினுள் நீர் புகுந்தால் முதலில் காப்பாற்றப்படுவன உயிரும் அடையாள அட்டையுமே; படத்தொகுப்பு அன்று. எனவே படங்களை மின்வடிவில் பேணுவது இன்றியமையாததாகின்றது.

மேசைக் கணினித் தரவுத்தளத்தின் வருகை

தரவுகளை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். 1980களில் டிபேஸ் போன்ற மென்பொருள்கள் அட்டவணைத் தரவுகளைத் தனியாள் கணினிக்குக் கொணர்ந்தன. யுனெஸ்கோ 1985 முதல் சிறுகணினிகளுக்காக வழங்கிய சிடிஎஸ் ஐசிஸ் மென்பொருள் வளரும் நாடுகளின் நூலகங்கள் பலவற்றில் இடம்பெற்றது. 1992இல் மைக்ரோசாப்ட் ஆக்செஸ் வெளிவந்தபின், நிரலாக்கம் கல்லாதவரும் தாமே தரவுத்தளம் அமைக்கலாயினர். தோட்ட மக்களின் படங்களைத் தொகுக்க விரும்பிய ஆசிரியரும் ஆய்வு மாணவரும் எளிதில் அடையக்கூடிய கருவி இதுவே எனலாம்.

படத்தை உள்ளே வைத்தலும் வெளியே வைத்தலும்

தரவுத்தளத்தில் படத்தைச் சேர்க்க இருவழிகள் உள. படக்கோப்பு முழுவதையும் அட்டவணையின் புலத்தினுள் பதித்துவிடுதல் ஒன்று. படத்தை வன்தட்டின் கோப்புறையில் வைத்து, அதன் இருப்பிட முகவரியை மட்டும் அட்டவணையில் எழுதுதல் மற்றொன்று.

முதல் வழி பாதுகாப்பானதாகத் தோன்றும். படமும் குறிப்பும் ஒரே கோப்பில் இருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. ஆயின் இதில் அளவுச் சிக்கல் உண்டு. நான்குக்கு ஆறு அங்குல வண்ணப்படம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால், 1200க்கு 1800 என 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால் சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 6.5 மெகாபைட்டு ஆகும். ஜேபெக் முறையில் சுருக்கினால் இது பன்மடங்கு குறையும். ஆனால் ஆக்செஸின் பழைய பதிப்புகள், பொருட்பதிவுப் புலத்தில் இட்ட படத்தோடு அதன் சுருக்கப்படாத காட்சிப்படிவத்தையும் சேர்த்துச் சேமிப்பது வழக்கம். ஆக்செஸ் 97இன் கோப்பெல்லை 1 கிகாபைட்டு. ஆக்செஸ் 2000இல் அது 2 கிகாபைட்டாக உயர்ந்தது. மேற்கண்ட கணக்கின்படி 330 படங்களுக்குள் அவ்வெல்லை நிறைந்துவிடும். ஒரு தோட்டத்தின் பத்துக் குடும்பங்கள் தம் படங்களைக் கொடுத்தாலே போதும், தொகுப்பு நின்றுவிடும். ஆக்செஸ் 2007இல் வந்த இணைப்புப் புலம் மூலப்படத்தின் வடிவத்தை மாற்றாமல் காத்ததாயினும், 2 கிகாபைட்டு எல்லை மாறவில்லை.

இரண்டாம் வழியில் இவ்வெல்லை இல்லை. ஆனால் வேறோர் ஊறு உண்டு. அட்டவணையில் உள்ளது முகவரி மட்டுமே. கோப்புறையின் பெயரை ஒருவர் மாற்றினாலும், தொகுப்பைப் புதுக் கணினிக்குப் பெயர்க்கையில் வட்டின் எழுத்து மாறினாலும் இணைப்பு அறுபடும். பின்னர்ப் படங்கள் ஓரிடத்திலும் குறிப்புகள் வேறோரிடத்திலும் கிடக்கும். இரண்டும் அழியவில்லை, ஆயினும் சான்று அழிந்துவிட்டது.

இவ்விரு வழிகளையும் ரசல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே ஆகியோர் 2006இல் அளந்து ஒப்பிட்டனர். 256 கிலோபைட்டுக்கு உட்பட்ட கோப்புகளைத் தரவுத்தளமும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றைக் கோப்பு முறைமையும் நன்கு கையாளும் என்பது அவர்களின் முடிவு. அவர்கள் ஆராய்ந்தது பெரிய வழங்கித் தரவுத்தளத்தையாயினும், நம் பணிக்கும் இது வழிகாட்டும். தேடும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டிய சிறுபடத்தை அட்டவணைக்குள்ளும், மூலப்படத்தைக் கோப்புறையிலும் வைப்பது பொருத்தமான நடுவழியாகும். அவ்வாறு வைக்கையில் முழு முகவரியை எழுதாமல் மாறாத பதிவெண்ணையே கோப்புப் பெயராக்கி, கோப்புறையின் இருப்பிடத்தைத் தனியே ஓரிடத்தில் மட்டும் குறித்தால், தொகுப்பு எங்குப் பெயர்ந்தாலும் ஒரே திருத்தத்தில் இணைப்பு மீளும்.

தமிழ்க் குறியாக்கச் சிக்கல்

படம் காக்கப்பட்டும் குறிப்பு அழிந்த நிலையும் உண்டு. அதற்குக் காரணம் எழுத்துரு. தமிழ்க் கணிமையில் கோலாலம்பூருக்குச் சிறப்பிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியது இங்கேதான். 2001இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடைபெற்றது. ஆயினும் 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் கொண்டிருந்தது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி தாம், தாப் என்னும் குறியாக்கங்கள் வகுக்கப்பெற்றன, திஸ்கியும் வழங்கியது. இம்முறைகளில் தமிழெழுத்து, உரோமன் வரிசையின் மேற்பகுதியில் குடியிருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு கங்காணியின் பெயர் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அகர வரிசையும் பிழைபடும்.

விண்டோஸ் 2000, ஆக்செஸ் 2000 ஆகியவை ஒருங்குறியை ஏற்றபின் இச்சிக்கல் புதிய தொகுப்புகளுக்கு நீங்கியது. பழைய தொகுப்புகளுக்கு நீங்கவில்லை. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பெற்றது என்பதைக் குறித்து வைத்திருந்தால் மாற்றி மூலம் ஒருங்குறிக்குக் கொணரலாம். அக்குறிப்பு இல்லையேல் ஊகித்தறிய வேண்டும். பழைய குறுவட்டுகளை வைத்திருப்போர் இப்பணியை இன்றே செய்தல் வேண்டும். வட்டுகளும் மூப்படைகின்றன, அவற்றைப் படிக்கும் கருவிகளும் அருகிவருகின்றன.

பெயரும் இடமும்

தரவுத்தளத்தை வெறும் படப்பெட்டியாகக் கொள்வோர் ஒரே அட்டவணையில் 'விளக்கம்' என்னும் புலத்தில் அனைத்தையும் எழுதிவிடுவர். வரலாற்றாய்வுக்கு இது போதாது. ஒரு திருமணக் குழுப்படத்தில் முப்பதுபேர் இருக்கலாம். அவருள் ஒருவரே வேறு பத்துப் படங்களிலும் இருக்கலாம். எனவே படம், ஆள், இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணையும், யார் எப்படத்தில் எவ்விடத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டும் இணைப்பு அட்டவணையும் வேண்டும்.

இடப்பெயர்க்கும் இது பொருந்தும். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. படத்தின் பின்புறத்தில் பழைய பெயரே எழுதப்பட்டிருக்கும். தோட்டங்களுக்கோ நிருவாகம் இட்ட ஆங்கிலப் பெயரோடு தமிழர் தம்முள் வழங்கிய பெயரும் உண்டு. ஒன்றை நீக்கி மற்றொன்றை எழுதுதல் பிழையாகும். இட அட்டவணையில் எல்லாப் பெயரையும் ஓர் எண்ணின்கீழ்க் கொண்டுவந்தால், எப்பெயரால் தேடினும் படம் கிடைக்கும். எழுதியிருந்ததை எழுதியிருந்தவாறே காப்பதும், நம் விளக்கத்தை வேறு புலத்தில் இடுவதும் சுவடிப் பதிப்பாசிரியர் நமக்குக் கற்பித்த நெறியே. பாடவேறுபாட்டைக் காத்த மரபு, படக்குறிப்பின் வேறுபாட்டையும் காத்தல் முறையாகும்.

இத்தகு பணி தமிழகத்தில் நடந்துவருகின்றது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பேணுகின்றது. அந்நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்ட உதவியோடு தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களின் பழம்படங்களையும் மின்வடிவாக்கினர். அங்குத் தெரியவரும் உண்மை ஒன்று: கோயிற்படத்துக்கு ஊர் தெரிந்தால் போதும், கோயில் இன்றும் நிற்கின்றது. குடும்பப் படத்துக்கோ ஆளின் பெயர் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வல்லவர் மறைந்தால் மீட்க வழியில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் பங்கேற்றோரை நேரில் அறிந்தவர்கள் இன்று அருகிவிட்டனர். அறிஞர் கூடிய அவைக்கே இந்நிலை எனின், பெரட்டுக் களத்தில் நின்ற பால்வெட்டுத் தொழிலாளியின் பெயரை யார் சொல்வர்? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. செய்தியோடு படத்தை இணைத்துவந்த நாளேடுகள் குறையக் குறைய, அவ்விணைப்பை நாமே செய்ய வேண்டியவர்களாகின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. மூலப்படத்தைச் சுருக்காமல் டிஃப் வடிவில் கோப்புறையிலும், சிறுபடத்தையும் குறிப்புகளையும் தரவுத்தளத்திலும் வைத்தல் வேண்டும். பெயர், இடம், ஆண்டு ஆகிய இன்றியமையாக் குறிப்புகளைப் படக்கோப்பின் உள்ளேயும் ஒருங்குறியில் பொறித்தல் நன்று. தரவுத்தளம் சிதைந்தாலும் படம் தன் பெயரைத் தானே சுமக்கும். அட்டவணைகளை ஆண்டுக்கொருமுறை எளிய உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து, படங்களோடு சேர்த்து மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேற்றூரில் வைத்தல் வேண்டும். வாழ்வோரின் படமாயின் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, அதையும் ஒரு புலமாகப் பதிதல் வேண்டும்.

மென்பொருள்கள் மாறும். விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவு 2015இல் முடிந்தது. இன்றுள்ளனவும் ஒருநாள் முடியும். படத்துக்கும் குறிப்புக்கும் உள்ள உறவு முடிதலாகாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தம் மாணவர் ஒவ்வொருவரும் பாட்டியிடம் அமர்ந்து ஒரு படத்தில் நிற்போரின் பெயர்களைக் கேட்டு எழுதிவரச் செய்வாராயின், எந்த மென்பொருளும் தர இயலாத தரவு கிடைக்கும். அதை முறையாகப் பதிந்து காப்பது, பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நம் பொறுப்பாகும்.