போத்தல் விளக்கும் பற்றரியும்

1991 இல் சொனி நிறுவனம் லிதியம் அயன் பற்றரியை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. அந்நாள்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. ரோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். நாங்கள் போத்தல் விளக்கில் படித்தோம்.

அப்பற்றரிக்கு வழிசமைத்த லிதியம் கோபால்ற் ஒட்சைட்டு நேர்முனையை 1980 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்டது ஜோன் குடினவின் குழு. அப்போது அவருக்கு வயது 57. ஓய்வு வயது நெருங்கவே, 1986 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் சென்றார். 1997 இல் அங்கு அவரது குழு லிதியம் இரும்பு பொஸ்பேற்றை அறிமுகம் செய்தது. அது மின்னை நன்கு கடத்தாது. நனோத் துணிக்கைகளாக்கிக் காபன் பூசிப் பிறர் அக்குறையைத் தீர்த்தனர். 2019 இல், 97 வயதில், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இடம்பெயர்வில் ஆண்டுகளை இழந்த எங்கள் தோழியர் சிலர், "இனி என்ன படிப்பு?" என்கின்றனர். குடினவ் பற்றரி ஆய்வில் பெயர்பெற்றதே ஐம்பதைக் கடந்த பின்னர்தான். எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.