புறா கொண்டு வந்த செய்தியும் நாம் தட்டிவிடும் செய்தியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

1850ஆம் ஆண்டு. கொழும்புத் துறைமுகத்துக்கு அப்போது அலைதடுப்புச் சுவர் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நங்கூரமிடும். உலகத்துச் செய்தியெல்லாம் காலியில் வந்து இறங்கும். அதை எதிர்பார்த்திருக்கும் வியாபாரிகளும் அதிகாரிகளும் கொழும்பில் இருப்பார்கள். இடையில் 70 மைலுக்கு மேல் தூரம். தந்தியும் இல்லை, ரயிலும் இல்லை. ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை ஒரு வழி கண்டது. அதுதான் புறா.

புறா நாம் நினைத்த இடத்துக்கெல்லாம் பறக்காது. வளர்ந்த கூட்டுக்கு மட்டுமே திரும்பும். ஆகவே கொழும்பில் வளர்த்த புறாக்களை முதலில் காலிக்குக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். கப்பல் வந்ததும் முக்கியமான செய்திகளை மெல்லிய தாளில் எழுதிக் கட்டிப் பறக்கவிட வேண்டும். 1858இல் கொழும்பையும் காலியையும் தந்திக் கம்பி இணைக்கும்வரை இப்படித்தான் நடந்தது. அதே 1850இல்தான் போல் ஜூலியஸ் ரொய்ட்டர், ஜெர்மனியின் ஆகன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசெல்சுக்கும் இடையில் தந்தி இல்லாத தூரத்தைப் புறாக்களால் நிரப்பினார். இன்றைய ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவர்தான்.

இதைக் கேட்டுவிட்டு ‘வெள்ளைக்காரன் மூளையே மூளை’ என்று சொல்ல வேண்டாம். அதற்கு ஏறக்குறைய 700 வருடங்களுக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், சிரியாவை ஆண்ட சுல்தான் நூருத்தீன் சங்கி புறாத் தபாலை அரசாங்க சேவையாகவே நடத்தினார். சிலுவைப் போர்க் காலம் அது. எல்லையில் எதிரி அசைந்தால் அந்தச் செய்தி உடனே தலைநகருக்கு எட்ட வேண்டும். அவருக்குப் பின் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கெய்ரோ கோட்டையை மையமாக வைத்து அதை இன்னும் விரிவாக்கினார்கள்.

அந்தச் சேவையின் ஒழுங்குகளை வாசித்தபோது நாங்கள் வியந்துபோனோம். கடிதத்துக்கென்றே மிக மெல்லிய தாள் இருந்தது. இரை கொடுக்காமல் புறாவை விடமாட்டார்கள். மழையிலும் விடமாட்டார்கள். முக்கியமான செய்தியை இரண்டு பிரதிகளாக எழுதி, இடைவெளி விட்டு இரண்டு புறாக்களில் அனுப்புவார்கள். ஒன்றைப் பருந்து அடித்தாலும் மற்றது வந்து சேரும்.

இனி 1948க்கு வருவோம். அமெரிக்காவில் கிளோட் ஷானன் என்ற கணித அறிஞர் தகவல் கோட்பாட்டை வெளியிட்டார். இன்று நமது கையில் உள்ள ஃபோன் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் அத்திவாரம். வழியில் இரைச்சலால் செய்தி கெடலாம். கூடுதலாகச் சில குறிகளைச் சேர்த்து அனுப்பினால் பிழையைத் திருத்தி எடுக்கலாம் என்று அவர் கணக்கால் காட்டினார். இரண்டாவது புறாவை அனுப்பியவர்களுக்கும் இதே கவலைதான் இருந்தது.

ஆனால் ஷானன் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியலின் பிரச்சினை அல்ல. கம்பிக்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. இரண்டையும் ஒரே வேகத்தில், ஒரே கவனத்தோடு அது கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படியானால் உண்மையைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது?

தேனீயைப் பாருங்கள். பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ நடனத்தால் சொல்கிறது என்பதைக் கண்டறிந்த கார்ல் வொன் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர், கூட்டம் பிரிந்து புதுக்கூடு தேடும் தேனீக்களைக் கவனித்தார். ஒரு தேனீ நல்ல இடம் கண்டு வந்து ஆடுகிறது. அதைப் பார்த்த மற்றத் தேனீ உடனே தானும் ஆடத் தொடங்குவதில்லை. முதலில் அந்த இடத்துக்குப் பறந்து போகிறது. தானே பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஆடுகிறது.

நாம் என்ன செய்கிறோம்?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. உணவில் மலட்டுக் குளிசை கலக்கிறார்கள் என்ற கதை பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வந்தது. அதில் மருந்து எதுவும் இல்லை, வெறும் மாக்கட்டிதான். ஆனால் அறிக்கை வரும்போது கதை நாடு முழுவதும் போய்விட்டிருந்தது. அடுத்த வாரம் திகனயும் எரிந்தது. மார்ச் 7இல் அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பொய்யால் எரிந்தவர்கள் நாம். அதனால் பொய்யின் சூடு நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நமது குரூப்களை ஒருமுறை மனச்சாட்சியோடு திறந்து பாருங்கள். எங்கோ வேறு நாட்டில் எடுத்த வீடியோவை ‘நம்ம ஊரில் இப்போது’ என்று போடுகிறோம். பிள்ளை பிடிப்பவன் என்று அறிமுகமில்லாத ஒருவரின் படத்தைப் பரப்புகிறோம். அறிவிப்பாளர் பெயரே இல்லாத ஒன்றை ஹதீஸ் என்று சொல்லி, பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை என்கிறோம்.

ஹதீஸ் கலையைத் தந்த சமூகம் இது. ‘உனக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது’ என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நம் இமாம்கள் சோதித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) ஊர் ஊராகப் பயணம் செய்தார். ஸபா நாட்டுச் செய்தியோடு வந்த ஹுத்ஹுத் பறவையிடம் சுலைமான் நபி (அலை) அவர்கள், நீ சொல்வது உண்மையா என்று பார்க்கிறோம் என்ற கருத்தில்தான் பதில் சொன்னார்கள். கடிதம் கொடுத்து அனுப்பியது அதன் பிறகுதான். செய்தி வந்தால் தெளிவாக விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

காலியிலிருந்து கொழும்புக்குப் பறக்கப் புறாவுக்கு மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. நமது விரலுக்கு ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடிக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்போம். யார் சொன்னது? எங்கே, எப்போது நடந்தது? பதில் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி நம்மோடு நிற்கட்டும்.

இந்தப் பதிவில் பிழை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.