பிபி துப்பாக்கியின் வேட்டைப் பெருமை

அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களிடையே பழகிப்போன வேடிக்கை ஒன்று உண்டு. சிறுவர்கள் தகர டப்பாவைச் சுட்டுப் பழகும் பிபி துப்பாக்கியை, காட்டெருமை வேட்டைக்குப் போகிறவர் தன் ரைஃபிளைப் பற்றிப் பேசும் தோரணையில் பேசுவது அது. கரடிக்கு எந்தக் குண்டு பொருத்தம், பின்னுதைப்பைத் தோள் தாங்குமா, முந்நூறு கஜத்தில் காற்று எவ்வளவு இழுக்கும் என்று ஒருவர் கேட்பார். மற்றவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் பதில் சொல்வார். முதலில் சிரிப்பவர் தோற்றவர். இந்த வேடிக்கைக்குப் பின்னால் நூறாண்டைத் தாண்டிய வியாபார வரலாறு இருக்கிறது. பிபி துப்பாக்கியைப் பெரிய ரைஃபிளாக முதலில் பேசியவர்கள் அதை விற்றவர்கள்தான். அவர்கள் சிரிக்காமல்தான் பேசினார்கள்.

வேடிக்கை எங்கே இருக்கிறது என்பதை எண்கள் சொல்லிவிடும். பிபி துப்பாக்கிக்குள் வெடிமருந்து இல்லை. நெம்புகோலை இழுத்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு ஒரு தண்டைத் தள்ளும். தண்டு அழுத்தும் காற்று குண்டை வெளியே துரத்தும். குண்டு சுமார் 4.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை. எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. வினாடிக்கு ஏறக்குறைய 350 அடி வேகத்தில் அது கிளம்பும்போது அதன் ஆற்றல் 2 ஜூல்கூட வராது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பெயர்போன வின்செஸ்டர் 1894 ரைஃபிளின் .30-30 தோட்டாவோ 2,400 ஜூல் அளவுக்கு வெளிப்படுத்தும். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். மெரினா கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கி இதற்கு நெருங்கிய உறவு. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுமலைக்குள் புலி தேடிப் போகிறவரைக் கற்பனை செய்துகொண்டால் அமெரிக்கர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

காற்றுத் துப்பாக்கி என்றாலே விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபுக்கள் காற்றுத் துப்பாக்கியால் மான் வேட்டையாடினார்கள். 1780ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரியப் படை ஜிராந்தோனி என்ற காற்று ரைஃபிளையே போர்க்கருவியாக ஏற்றது. அடிக்கட்டையின் இடத்தில் காற்றுக் கலம். ஒருமுறை நிரப்பிய ஈயக் குண்டுகளை, இருபதுக்குக் குறையாமல், அடுத்தடுத்துச் சுடலாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் 1803இல் ஒரு காற்று ரைஃபிளைக் கையோடு கொண்டுபோனார். அது ஜிராந்தோனி வகையாக இருக்கலாம் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. பயணம் தொடங்கிய அன்றே, பிட்ஸ்பர்க் அருகே ஒரு தீவில், வேடிக்கை பார்த்தவர்களிடம் அதைக் கொடுக்கப்போய்க் கைதவறி வெடித்தது. நாற்பது கஜத்துக்கு அப்பால் நின்ற பெண்ணின் தலையில் குண்டு உரசியது, அவர் பிழைத்தார். பிறகு வழியெங்கும் பூர்வகுடியினர் முன்னால் லூயிஸ் அதைச் சுட்டுக் காட்டி வியக்கவைத்தார். புகையும் மருந்தும் இல்லாமல் சுடும் கருவி பேச்சுவார்த்தைக்குப் பேருதவியாக இருந்தது. உண்மையான ஆயுதம் அங்கே நாடகப் பொருளானது. அதே நூற்றாண்டின் இறுதியில் பொம்மை ஆயுத வேடம் போட்டது.

அந்த வேடம் தொடங்கிய ஊர், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே உள்ள பிளிமத். அங்கே 1882இல் பிளிமத் அயர்ன் விண்ட்மில் கம்பெனி என்ற பெயரில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. விவசாயிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இரும்புக் காற்றாலை செய்து விற்பது அதன் தொழில். விற்பனை சுமார்தான். அதே ஊரில் வில்லியம் மார்க்கம் என்பவர் மரத்தால் ஆன காற்றுத் துப்பாக்கிகளை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தார். காற்றாலைக் கம்பெனியைச் சேர்ந்த கிளாரன்ஸ் ஹாமில்டன் 1880களின் பிற்பகுதியில் உலோகத்தில் ஒன்று செய்து நிர்வாகிகளிடம் காட்டினார். மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டு, அன்றைய கொச்சையில் ‘பிரமாதம்’ என்று பொருள்படும்படி ‘டெய்சி’ என்றாராம். துப்பாக்கிக்கு அதுவே பெயராகிவிட்டது. கம்பெனி தானே சொல்லிவரும் கதை இது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

முதலில் துப்பாக்கியை யாருக்கும் தனியாக விற்கும் யோசனை இல்லை. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு அது இலவச இணைப்பு. ஆனால் விவசாயியின் மகனுக்குக் காற்றாலையால் என்ன பயன்? இலவசத்துக்குக் கிராக்கி ஏறி, அசல் சரக்கு பின்தங்கியது. 1895இல் நிறுவனம் காற்றாலையைக் கைகழுவிவிட்டு டெய்சி மேனுஃபேக்சரிங் கம்பெனி என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1916இல் உள்ளூர்ப் போட்டியாளரான மார்க்கம் நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. டெய்சியின் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றிய சார்லஸ் பென்னெட், 1903இல் ஹென்றி ஃபோர்டு கார் கம்பெனி தொடங்கியபோது அதன் முதல் பங்குதாரர்களில் ஒருவரானார். சிறுவர் துப்பாக்கியில் எவ்வளவு பணம் புழங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிபி என்பது முதலில் துப்பாக்கியின் பெயரல்ல. வாத்து வேட்டைக்கான ஷாட்கன் தோட்டாவுக்குள் போடும் ஈயக் குண்டுகளில் ஒரு அளவுக்கு அந்தப் பெயர். ஆரம்ப கால டெய்சிகள் அதையே எடுத்துக்கொண்டன. சிறுவனின் துப்பாக்கி முதல் நாளிலேயே வேட்டைக்காரர் பையிலிருந்து குண்டைக் கடன் வாங்கியது என்று சொல்லலாம். பிறகு சற்றுச் சிறிய அளவுக்குக் குழல் மாறியது. 1920களில் மினியாபொலிஸ் பக்கத்துச் சிறுவர்கள் பால் பேரிங் தொழிற்சாலையின் கழிவு எஃகு உருண்டைகளைப் போட்டுச் சுடத் தொடங்கினார்கள். ஈயத்துக்கென்று செய்த மென்மையான குழல்கள் பழுதாயின. சிறுவர்களைத் திருத்துவதைவிடத் துப்பாக்கியைத் திருத்துவது எளிது என்று கண்டுகொண்ட டெய்சி, எஃகுக் குண்டையே ஏற்றுக்கொண்டது.

வடிவத்திலும் டெய்சி பெரிய ரைஃபிளை விடாமல் பின்தொடர்ந்தது. வேட்டைத் துப்பாக்கி செய்வதில் புகழ்பெற்ற லெஃபீவர் குடும்பத்துச் சார்லஸ் லெஃபீவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. அவர் வடிவமைத்த 25ஆம் எண் மாடல், முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்துக் குண்டேற்றும் பம்ப் துப்பாக்கி. 1914 முதல் பல பத்தாண்டுகள் அது விற்பனையில் இருந்தது. அப்பா வைத்திருக்கும் பம்ப் ஷாட்கன்னின் அசைவு அப்படியே மகன் கையிலும் கிடைத்தது. குண்டுதான் வேறு.

இந்த ஒற்றுமையை விளம்பரம் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது. சிறுவர் பத்திரிகைகளிலும் பிறகு காமிக்ஸ் புத்தகங்களின் பின்னட்டைகளிலும் டெய்சி விளம்பரங்கள் பொம்மைக் கடை மொழியில் பேசவில்லை. கார்பைன், ரிப்பீட்டர், இத்தனை ஷாட், இன்ன வகை இயக்கம் என்று முழுக்க முழுக்க ஆயுதப் பட்டியலின் மொழி. கூடவே, துப்பாக்கி கையில் வந்தால் பையன் ஆணாகிவிடுவான், பொறுப்பு வந்துவிடும் என்ற உபதேசம். அது பெற்றோருக்கு.

1930களில் கௌபாய்கள் வந்து சேர்ந்தார்கள். மேற்கத்திய சினிமா நட்சத்திரம் பக் ஜோன்ஸ் பெயரில் 1934இல் வந்த பம்ப் துப்பாக்கியின் கட்டையில் ஒரு திசைகாட்டியும் சூரியக் கடிகாரமும் பதித்திருந்தன. வழி தவறிய வேட்டைக்காரனுக்குத் திசையும் நேரமும் தெரிய வேண்டுமல்லவா? வீட்டுக் கொல்லையைத் தாண்டாத பத்து வயதுப் பையனுக்கு இரண்டும் எதற்கு என்ற கேள்வியை அந்தக் காலத்துப் பையன் எவனும் கேட்கவில்லை.

பக் ஜோன்ஸையும் மிஞ்சியது ரெட் ரைடர். ஃப்ரெட் ஹார்மன் 1938இல் வரையத் தொடங்கிய கௌபாய் சித்திரத் தொடரின் நாயகன் அவன். அவன் பெயரில் 1940இல் டெய்சி வெளியிட்ட துப்பாக்கி வின்செஸ்டர் குதிரைவீரர் கார்பைனை அடியொற்றியது. கீழே நெம்புகோல், பக்கத்தில் ஒரு வளையம், வளையத்தில் முடிந்த தோல் வார். அசலில் அந்த வளையம் குதிரைச் சேணத்தோடு பிணைப்பதற்கானது. டெய்சியில் அது தொங்குவதற்காகத் தொங்கியது. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்து உற்பத்தி நின்றது. போர் முடிந்ததும் மறுபடி பெருகியது. 1958இல் தொழிற்சாலை அர்கன்சாஸ் மாநிலத்து ராஜர்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1961இல் வின்செஸ்டர் 1894ஐ அச்சு அசலாகப் பார்த்துச் செய்த மாடல் ஒன்றை டெய்சி விற்கத் தொடங்கியது. அதற்குமேல் ஒட்டிப் போக இடமில்லை.

இப்படி வளர்ந்த பையன்கள் பெரியவர்களானபோது, தங்களுக்கு விற்கப்பட்ட மொழியைத் திரும்ப எடுத்துப் பேசத் தொடங்கினார்கள். வேடிக்கையின் உண்மையான பிறப்பு இதுதான். இண்டியானா மாநிலத்து ஹாமண்டில் வளர்ந்த வானொலிக் கலைஞர் ஜீன் ஷெப்பர்டு 1966இல் வெளியிட்ட புத்தகத்தில், ரெட் ரைடருக்காகக் கிறிஸ்துமஸ் வரை தவம் கிடக்கும் பையன் ஒருவன் வருகிறான். துப்பாக்கியின் பெயரை அவன் விளம்பரத்தில் உள்ளபடியே, ஒரு அடைமொழி விடாமல், மந்திரம்போல உச்சரிப்பான். அம்மா, ஆசிரியை, கடைசியில் கிறிஸ்துமஸ் தாத்தா எல்லோரும் சொல்லும் மறுமொழி ஒன்றுதான்: கண் போய்விடும். 1983இல் பாப் கிளார்க் இயக்கத்தில் ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ என்ற படமாக அது வந்தது. படத்தில் பையன் பகற்கனவு காண்கிறான். கொல்லைப்புறத்துக் கொள்ளையர்களை அந்தத் துப்பாக்கி ஒன்றாலேயே வீழ்த்திக் குடும்பத்தைக் காக்கிறான். நிஜத்தில் முதல் குண்டே இலக்கில் பட்டுத் திரும்பி வந்து அவன் மூக்குக் கண்ணாடியைப் பதம் பார்க்கிறது. படத்தில் வரும் ரெட் ரைடரின் கட்டையில் திசைகாட்டியும் சூரியக் கடிகாரமும் இருக்கும். அவை பக் ஜோன்ஸ் மாடலுக்கு உரியவை; எழுத்தாளர் கலந்துவிட்டார். படத்துக்காக டெய்சி அப்படியொரு துப்பாக்கியைத் தனியாகச் செய்து கொடுத்தது. படம் வெளியானபோது பெரிய ஓட்டம் இல்லை. 1997 முதல் கிறிஸ்துமஸ் நாளில் தொலைக்காட்சியில் 24 மணி நேரம் விடாமல் ஒளிபரப்பத் தொடங்கிய பிறகு, கண் போய்விடும் என்ற எச்சரிக்கை நாடு முழுக்கத் தெரிந்த பகிடியானது.

சிரிக்காமல் சிரிப்பு மூட்டும் இந்த முறை துப்பாக்கியோடு வந்ததல்ல. எல்லைப்புற அமெரிக்காவின் புளுகுக் கதைகள் பலவும் இப்படித்தான் சொல்லப்பட்டன. வேடிக்கை இருப்பதே தனக்குத் தெரியாததுபோல் சொல்பவர் நடிக்க வேண்டும் என்பதை மார்க் ட்வெயின் 1895இல் ஒரு கட்டுரையில் விதியாகவே எழுதிவைத்தார். பிபி துப்பாக்கி அந்த விதிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வேட்டைப் பத்திரிகைகளின் கலைச்சொற்கள் அத்தனையும் தயாராக இருந்தன. ஆனால் அந்தப் பத்திரிகைகளின் பாவனையும் இதில் அடிபடுகிறது. விலையுயர்ந்த ரைஃபிளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நிபுணரின் கம்பீரம், பொருளை மட்டும் மாற்றிவிட்டால் எவ்வளவு எளிதாகக் கேலிக்கூத்தாகிவிடுகிறது என்பதைக் கேட்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது. வேடிக்கையின் கூர்மை அந்தப் பக்கம்தான் அதிகம்.

வேடிக்கை பலிக்காத இடங்களும் உண்டு. ஷெப்பர்டின் புத்தகம் வந்த மறு ஆண்டு, 1967இல், வியட்நாம் போருக்கு ஆள் தயார்செய்த அமெரிக்க ராணுவம் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் டெய்சி பிபி துப்பாக்கிகளை வீரர்கள் கையில் கொடுத்தது. ‘குயிக் கில்’ என்ற அந்தப் பயிற்சியில் குறிமுள் நீக்கிய துப்பாக்கியால், மேலே எறியும் சிறு வட்டுகளைக் குறிபார்க்காமல் உள்ளுணர்வால் சுட வேண்டும். பிறகுதான் நிஜ ரைஃபிள். யாரும் அங்கே சிரிக்கவில்லை.

கண் போய்விடும் என்பதும் வெறும் பகிடியல்ல. 2 ஜூல் மானுக்கு ஒன்றுமில்லை. கண்விழிக்குத் தாராளமாகப் போதும். எஃகு உருண்டை கெட்டியான பரப்பில் பட்டால் வந்த வழியே திரும்பும் என்பது படத்துக்காகக் கற்பித்ததல்ல. டெய்சியின் சற்று வேகமான இரண்டு மாடல்களில் குண்டு உள்ளேயே தங்கி, காலி என்று நினைத்த துப்பாக்கி சுட்டுவிடுகிறது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2001இல் வழக்குத் தொடுத்தது. 2003இல் அது சமரசத்தில் முடிந்தது. பாதுகாப்புப் பிரசாரத்துக்குச் செலவிட டெய்சி ஒப்புக்கொண்டது.

அசலைப்போலவே இருப்பதன் விலையும் பிற்பாடு தெரிந்தது. 1988இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டம் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது. பிபி துப்பாக்கிக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் அதில் விலக்கு. 2014 ஆகஸ்டில் ஓஹாயோ மாநிலத்துப் பீவர்கிரீக்கில், கடை அலமாரியிலிருந்து காற்று ரைஃபிள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்த கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு நவம்பரில், ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ வீடு இன்று அருங்காட்சியகமாக நிற்கும் கிளீவ்லாந்து நகரில், பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் அதேபோல் கொல்லப்பட்டான். பொம்மையை ரைஃபிளாகப் பார்க்கும் பாவனை, எதிரில் நிற்பவருக்கும் அது பொம்மை என்று தெரிந்திருக்கும்வரைதான் செல்லும்.

ரெட் ரைடர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. மரக்கட்டை, நெம்புகோல், தோல் வார் எல்லாம் இன்னும் உண்டு. 2016இல் டெய்சியை வாங்கிய காமோ, ஸ்பெயினில் தோன்றிய காற்றுத் துப்பாக்கி நிறுவனம். 10 வயதுக்குக் குறையாத சிறுவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்க மட்டுமே இதைக் கையாள வேண்டும் என்றும், சுடுபவர் மட்டுமல்லாமல் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்றும் தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார்.