கணு வழியே வரும் பகை: கரும்பின் செவ்வழுகல் நோயும் கடலூர் தந்த ரகமும்

முன்னுரை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே சிப்காட் தொழிற்பேட்டை நீண்டு கிடக்கிறது. 1980-களில் வளர்ந்த இப்பேட்டையில் மருந்து, சாயம், வேதிப்பொருள் ஆலைகளோடு பூச்சிக்கொல்லி ஆலைகளும் உண்டு. அதே பத்தாண்டில், 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட நெல்லிக்குப்பம் இருக்கும் இந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கி ஒரு கரும்பு ரகம் தீபகற்ப இந்தியாவில் பரவிக்கொண்டிருந்தது. அதுதான் கோ.க. 671. கோவையில் கருவுற்று, கடலூரில் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர்.

அந்த ரகத்தைச் சாய்த்தது ஒரு பூஞ்சை. பயிர் மருந்து செய்யும் ஆலைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதைக் காப்பாற்ற முடியாமல் போனது ஏன்? இதற்கான விடை கரும்பின் உயிரணுவுக்குள் இருக்கிறது. அப்பூஞ்சை உண்டாக்கும் செவ்வழுகல் நோயைப் பற்றிய அறிவு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக எப்படி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உயிரணுவில் நடப்பதை அறிந்த அளவுக்கு வயலில் நாம் நடந்துகொள்ளவில்லை என்பதே இதன் வாதம்.

கோதாவரியிலிருந்து கோவைக்கு

1893-இல் ஜாவாத் தீவில் வென்ட் என்ற டச்சு அறிவியலாளர் இந்நோயை முதலில் விவரித்து, அதற்குக் காரணமான பூஞ்சைக்குக் கொலெட்டோடிரைக்கம் ஃபால்கேட்டம் என்று பெயரிட்டார். ஃபால்கேட்டம் என்றால் அரிவாள் போன்றது என்று பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் வித்துகள் கதிரரிவாளைப் போலவே வளைந்திருக்கும்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோதாவரிப் படுகையில் கரும்பு வயல்கள் அழிந்துகொண்டிருந்தன. மாகாணத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் 1901-இல் இந்தியாவில் இந்நோய் இருப்பதைப் பதிவு செய்தார். இதன் விளைவாக 1902-இல் சாமல்கோட்டாவில் கரும்பு ஆய்வுப் பண்ணை தொடங்கப்பட்டது. 1906-இல் பூசா நிலையத்தின் பூஞ்சையியலாளர் ஈ. ஜே. பட்லர் இந்நோய்க்குச் செவ்வழுகல் என்ற பொருள் தரும் பெயரைச் சூட்டினார்.

1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் பார்பரின் பொறுப்பில் தோன்றியது. அவரும் டி. எஸ். வெங்கட்ராமனும் வெள்ளை என்ற நாட்டுக் கரும்பை, நாணல் போல் தானே வளரும் காட்டுக் கரும்போடு கலந்து கோ 205-ஐ உருவாக்கினார்கள். நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிமை காட்டுக் கரும்பிலிருந்து கிடைத்தது. அதன்பின் வந்த கோ ரகங்கள் நாட்டின் சர்க்கரைத் தொழிலையே மாற்றின.

ஆனால் பூஞ்சையும் மாறியது. 1930-களின் இறுதியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கோ 213 உள்ளிட்ட ரகங்கள் செவ்வழுகலில் வீழ்ந்தன. ரகம் சீர்கெட்டுவிட்டது என்று விவசாயிகள் நினைத்த இடத்தில், பி. எல். சோனா போன்றோர் பூஞ்சையைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். புதிதாகத் தனித்தெடுத்தவற்றில் வெளிர் நிற வகை இருந்தது; அது பழைய கருநிற வகையைவிடக் கொடியதாக இருந்தது. மாறியது கரும்பல்ல, அதைத் தாக்கும் பூஞ்சை என்ற தெளிவு அப்போதுதான் பிறந்தது.

உயிரணுவுக்குள் நடப்பது

பூஞ்சை செடியை நேரே அழுகச் செய்துவிடுகிறது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. உண்மையில் அது முதலில் கொல்வதில்லை. கணுவில் உள்ள இலைத் தழும்பு, வேர்முளை, பரு, புழு துளைத்த ஓட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியாக உள்ளே வருகிறது. ஈரத்தில் முளைத்த வித்து, நுனியில் ஒட்டுறுப்பு என்ற கருமையான குமிழை உண்டாக்குகிறது. குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தால் மெல்லிய முளை ஒன்று அணுச்சுவரைத் துளைக்கிறது. இதே உத்தியைக் கையாளும் நெல் குலைநோய்ப் பூஞ்சையின் குமிழில் 80 வளிமண்டல அழுத்தம் இருப்பதாக 1991-இல் அளந்திருக்கிறார்கள்.

சுவரைத் துளைத்த பூஞ்சை, அதற்கு அடுத்துள்ள சவ்வைக் கிழிப்பதில்லை. சவ்வு உள்நோக்கி வளைந்து கொடுக்க, சுவருக்கும் சவ்வுக்கும் இடையில் தடித்த இழையாகத் தங்குகிறது. உயிரணு உயிரோடுதான் இருக்கிறது. தன் உணவை வந்தவனுக்கும் பங்கிடுகிறது. செடியின் எதிர்ப்பை அடக்கும் புரதங்களைப் பூஞ்சை அந்நேரத்தில் சுரக்கிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அதன்பின் நிலைமை தலைகீழாகிறது. தடித்த இழையிலிருந்து மெல்லிய இழைகள் கிளைத்து, நொதிகளால் சுவர்களைக் கரைத்து, அணுக்களைக் கொன்று தின்கின்றன. முன்பாதி உறவு, பின்பாதி கொலை என்ற இந்த இருநிலை வாழ்வே கொலெட்டோடிரைக்கம் பேரினத்தின் அடையாளம்.

எதிர்ப்புள்ள கரும்பு என்ன செய்கிறது? இலங்கையில் காப்பித் துரு நோயை 1880-களின் தொடக்கத்தில் ஆராய்ந்த மார்ஷல் வார்டு, பின்னாளில் புல்வகைத் துருநோயில் ஒன்றைக் கண்டார்: எதிர்ப்புள்ள செடியில், பூஞ்சை தொட்ட அணு விரைந்து இறந்து, பூஞ்சையைப் பட்டினி போடுகிறது. கரும்பும் தன் பங்குக்குச் செந்நிற நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. நோய்க்குப் பெயர் தந்த சிவப்பில் ஒரு பகுதி கரும்பே எழுப்பும் அரண் என்பது பின்னர் தெரிந்தது. எதிர்ப்புள்ள ரகத்தில் இது விரைவாகவும் மிகுதியாகவும் சுரந்து, பூஞ்சை துளைத்த இடத்திலேயே சிவப்பை நிறுத்திவிடுகிறது. எதிர்ப்பில்லாத ரகத்தில் காலம் கடந்து வருகிறது.

இந்த வேறுபாட்டை அளக்க 1961-இல் கே. வி. சீனிவாசனும் என். ஆர். பட்டும் ஒரு முறை வகுத்தார்கள். வளர்ந்த கரும்பின் கணுவிடையில் சிறு துளையிட்டு, வித்து கலந்த நீரை விட்டு மூடுவார்கள். 60 நாள் கழித்துக் கரும்பை நீளவாக்கில் பிளந்து, 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். பிளந்த நோய்க் கரும்பைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. சிவந்த சதையின் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருக்கும்; கள் புளித்தது போன்ற வாடை எழும். சர்க்கரை உடைந்துபோன அந்தக் கரும்பை ஆலையில் ஆட்டிப் பயனில்லை.

கோ.க. 671: ஏற்றமும் வீழ்ச்சியும்

குவீன்ஸ்லாந்தின் கியூ 63-ஐயும் கோ 775-ஐயும் பெற்றோராகக் கொண்டது கோ.க. 671. சீக்கிரம் முதிர்வதும் சர்க்கரைக் கட்டு மிகுந்திருப்பதும் அதன் சிறப்பு. ஆலையும் விவசாயியும் ஒருசேர விரும்பிய ரகம் என்பதால், வேறு ரகம் நடுவாரில்லை என்ற அளவுக்கு அது பெருகியது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் செவ்வழுகல் அதைத் தாக்கியது. அதிலிருந்து தனித்தெடுத்த பூஞ்சை வகையைச் சி.எஃப். 06 என்ற எண்ணிட்டு, புது ரகங்களைச் சோதிக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். பின்னால் வந்த கோ.க. 92061-ம் இதே வழியில் போயிற்று.

மருந்து ஏன் உதவவில்லை? கரும்பை விதையால் அல்ல, கரணையால் நடுகிறோம். பூஞ்சை கரணையின் உட்சதையில் உறங்குகிறது. தடித்த தோலும் நார் மிகுந்த கணுவும் மருந்து நீரை உள்ளே விடுவதில்லை. பார்வைக்கு நலமான கரணையே நோயை ஊர் ஊராகச் சுமந்தது. காற்று கலந்த நீராவியில் கரணையை நேர்த்தி செய்வது, வெற்றிட அழுத்தத்தால் மருந்தை உட்செலுத்துவது ஆகியவை இக்குறையை ஓரளவு தீர்க்க வந்தவை. நோய் கண்ட தூரை வேரோடு அகற்றுவதும், மறுதாம்பு விடாமல் நெல்லுக்கு மாறுவதும் அவற்றைவிட எளியவை. ஆனால் மறுதாம்பை இழப்பது சிறு விவசாயிக்குப் பெரிய அடி என்பதை அறிவுரை சொல்பவர்கள் மறக்கக் கூடாது.

முடிவுரை

2000-இல் வெளியான கோ 86032 இன்று தமிழகக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியை ஆள்கிறது. அதன் பெற்றோரில் ஒன்று கோ.க. 671. உத்தரப் பிரதேசத்தின் பெரும்பாலான கரும்பு நிலத்தைப் பிடித்த கோ 0238, சி.எஃப். 13 என்ற புதிய வகையிடம் அண்மையில் வீழ்ந்தது. அதன் பெற்றோரில் ஒன்று, கோ.க. 671-ஐ ஈன்ற அதே கோ 775. உறவு ஒன்று என்பதால் எதிர்ப்புத் திறனும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இவ்வளவு நிலமும் ஒரு சில குடும்பங்களை நம்பியிருப்பது அச்சம் தருகிறது. பல கோடி கரும்புகள் ஒரே ரகமாக நிற்கும்போது, அவற்றுள் ஓர் உயிரணுவை ஏய்க்கக் கற்ற பூஞ்சைக்கு அத்தனை கரும்பும் திறந்த வீடு.

ஆகவே ஆலைதோறும் ஒரு ரகத்துக்கு உச்சவரம்பு வேண்டும். செம்மண்டலத்திலுள்ள கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் கோவை நிலையமும் தரும் புதிய ரகங்கள் விவசாயியின் வயலுக்கு விரைந்து வர வேண்டும். நோயற்ற விதைக் கரணையை ஆலைகளே தம் பொறுப்பில் வளர்த்துத் தர வேண்டும். கடலூரின் பெயரைத் தாங்கிய கரும்பு வீழ்ந்த பிறகும் இதைச் செய்யாமல் இருக்க நமக்கு நியாயம் இல்லை.