அணில் மேல் போட்ட பழி



நேற்று ராத்திரி காற்றில் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். பேரன் கேட்டான்: "தாத்தா, அணில் வந்துருச்சா?" அவனுக்கு அது ஜோக். எனக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

மின்வெட்டுச் சிரிப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2008-ஐ ஒட்டிய வருஷங்களில் மின்சார அமைச்சர் ஆற்காடு வீராசாமி. விளக்கு அணைந்தால் "ஆற்காட்டார் வந்துட்டார்" என்பார்கள். 2011 தேர்தலில் அந்தச் சிரிப்பு ஓட்டாகவும் விழுந்தது. ஆட்சி மாறியது, இருட்டு மாறவில்லை. 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. நமக்கோ பல நாள் 10 மணி நேரத்துக்கும் மேல். "கரண்ட் எப்பப் போகும்?" என்று கேட்ட ஜனம் "எப்ப வரும்?" என்று கேட்கப் பழகியது.

நம் மாவட்டத்துக்குத் தனிக் கூத்து. லோயர்கேம்ப்பில் 1958 முதல் பெரியாற்றுத் தண்ணீர் கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் வயலுக்கு வருகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது. நடுவில் போடியில் நீங்கள் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தீர்கள்! கிரிட்டில் ஏறிய கரண்டுக்குச் சொந்த ஊர் கிடையாது என்று வகுப்பில் சொன்னேன். யாரும் சமாதானம் ஆகவில்லை.

பிறகு 2021 ஜூன். அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்தடைக்கு அணில்களும் ஒரு காரணம் என்றார். சென்னையில் பல இடங்களில் கம்பி மண்ணுக்கடியில் அல்லவா போகிறது, அணிலும் பூமிக்குள் போகிறதா என்று ராமதாஸ் கேலி செய்தார். ஊரே சிரித்தது. ராமருக்குப் பாலம் கட்டிய அணிலுக்கு ஈ.பி. மெமோ கொடுப்பதாக ஒரு படம் வந்தது. நானும் நம் குரூப்பில் போட்டேன்.

அன்றே உங்களில் ஒருவன் போன் செய்தான். லைன்மேன். "சார், நீங்களுமா? காக்கா ஒரே கம்பில உக்காந்தா ஒண்ணும் ஆகாது. அணில் இரும்புச் சட்டத்துல நின்னுக்கிட்டு கம்பியத் தொட்டா கரண்ட் அது வழியா எர்த் ஆகும். சப்ஸ்டேஷன்ல லைன் டிரிப் ஆயிரும். கம்பத்தடியில கருகிக் கிடக்கறத நான்தான் சார் எடுத்துப் போடறேன்."

தேடிப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையே ஓர் அணிலால் 82 நிமிஷம் நின்றிருக்கிறது. 1994-இல் மறுபடியும்!

அமைச்சர் சொன்னது பொய்யில்லை, சின்ன உண்மை. மாதக்கணக்கில் பராமரிப்பு நடக்கவில்லை, கிளைகளை வெட்டவில்லை என்பது பெரிய உண்மை. முந்தைய ஆட்சியைக் குறை சொல்லும்போது அவரே அதையும் சொன்னார். நாம் வாலைப் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டோம். மலைச்சரிவில் இன்னும் சிக்கல். ஏலத்துக்கு நிழல் வேண்டும், மரத்தை மொட்டையடிக்க முடியாது. ஆனிக் காற்றில் கிளை முறிந்தால், டார்ச்சோடு லைனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவன் அவன்தான். சிரிப்பு கோட்டையில் இருப்பவர்களைத் தொட்டதோ என்னவோ, கம்பத்தடியில் நின்ற அவனைத் தொட்டது. பில் கட்ட வருகிறவர், டீக்கடைக்காரர், எல்லாரும் "என்னப்பா, அணில் பிடிச்சியா?" என்று கேட்டார்களாம்.

தம்பி, நீ இதைப் படிப்பாய். அந்தப் படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நேற்று பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. ஏறியது நீதானா?